மூலமும் பிரதியும்: கணிப்பொறியில் சேரும் கடிதக் கோப்புகள்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கும், ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 என்னும் காரியாலய மென்பொருள் தொகுப்புகளுக்கும், பல நிறுவனங்களின் தபாலைச் சுமந்துவந்த எக்ஸ்சேஞ்ச் 2016, எக்ஸ்சேஞ்ச் 2019 என்னும் சர்வர் மென்பொருள்களுக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு ஒரே நாளில் முடிவுற்றது. இதையொட்டி மற்ற ஊர்களைப் போலவே ஹைதராபாத்திலும், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னுமாக, கணிப்பொறிகள் புதிய பதிப்புகளுக்கு மாறின. மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் இயங்கும் பெரிய கம்பெனிகளுக்கு இத்தகைய மாற்றங்களை நிர்வகிப்பதற்கென்றே தனி இலாகா உண்டு. ஆனால் அபிட்ஸிலும் கோட்டியிலும் செகந்திராபாத்திலும் இரண்டு அறைகளில் தொழில் நடத்தும் தணிக்கையாளருக்கும், வக்கீலுக்கும், மருந்து மொத்த வியாபாரிக்கும், பார்க் லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டர் என்னும் கணிப்பொறிக் கடைத்தொகுதியிலிருந்து வந்து போகும் ஒரு டெக்னீஷியனே கதி. மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் தலைமுறைகளாக வசிக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்படிப்பட்ட சிறு காரியாலயங்களை நடத்துவோர் பலர் உண்டு. அவர்களையும், அவர்களைப் போலவே பிற ஊர்களில் கணிப்பொறியை நம்பித் தொழில் செய்வோரையும் மனத்தில் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மென்பொருளைப் புதுப்பித்த சில தினங்களுக்குள் இவர்களுள் பலர் ஒரு விசித்திரத்தைக் காண்கிறார்கள். புதிதாக எந்தப் படத்தையும் சினிமாவையும் சேர்த்து வைக்காதபோதிலும், 'சி டிரைவ்' நிரம்பிவிட்டதென்று சிவப்புக் கோடு தோன்றுகிறது. அவுட்லுக் என்னும் தபால் மென்பொருள் திறப்பதற்கே தாமதமாகிறது. ஒரு கடிதத்தைச் சொடுக்கினால் திரை உறைந்து நின்று பின் மெல்ல உயிர்பெறுகிறது. பழைய கணிப்பொறியில் 1000 ஜி.பி. கொள்ளும் சுழல்தட்டு இருந்ததென்றும், புதிதாக வாங்கியதில் வேகம் மிக்க ஆனால் 256 ஜி.பி. மட்டுமே கொள்ளும் எஸ்.எஸ்.டி. இருக்கிறதென்றும் வைத்துக்கொண்டால், இந்த நெருக்கடி இன்னும் சீக்கிரமாகவே வந்து சேரும். காரணத்தைத் தேடிப் போகிறவர், சாதாரணமாகக் கண்ணுக்குத் தென்படாதபடி மறைத்து வைக்கப்பட்டுள்ள 'ஆப்டேட்டா' என்னும் ஃபோல்டருக்குள் 'லோக்கல்' என்பதற்குள் 'மைக்ரோசாஃப்ட்' என்பதற்குள் 'அவுட்லுக்' என்பதைத் திறந்து பார்ப்பாரானால், அங்கே 20 ஜி.பி., 30 ஜி.பி. என்று பருத்த கோப்புகள் ஒன்றுக்கு இரண்டாகக் கிடப்பதைக் காணக்கூடும். அவற்றில் எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அறிந்துகொள்வதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. அதை அறியாமல் அவசரப்பட்டு அழித்தவர்கள் பல ஆண்டுக் கடிதங்களை ஒரு நிமிஷத்தில் இழக்க நேரிடும். அறியாமல் பயந்து விட்டவர்களோ ஒரு பிரயோஜனமும் இல்லாத கோப்பைக் காப்பாற்றும் பொருட்டுப் புதிய ஹார்ட் டிஸ்க் வாங்கிச் செலவு செய்வார்கள்.

இப்படி ஒரு கோப்பு நம் கணிப்பொறியில் இருக்கவேண்டிய அவசியம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். 1998ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி அன்றைய பிரதமர் அடல் பிஹாரி வாஜ்பாய் ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் கட்டிடத்தைத் திறந்து வைத்தார். அதே ஆண்டில்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் இந்திய அபிவிருத்தி மையத்தை ஹைதராபாத்தில் நிறுவியது. ரெட்மண்டிலுள்ள தலைமையகத்துக்கு வெளியே அந்நிறுவனத்துக்கு உள்ள மிகப் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்றாக அது பிற்காலத்தில் வளர்ந்தது. ஆனால் 1998இல் சாதாரண இந்தியப் பிரஜைக்கு இணையம் என்பது தொலைபேசிக் கம்பியும் மோடமும்தான். அதன் உச்ச வேகமான வினாடிக்கு 56 கிலோபிட் முழுமையாகக் கிடைத்தால்கூட, ஒரு எம்.பி. அளவுள்ள இணைப்பு வந்து சேர இரண்டரை நிமிஷம் பிடிக்கும். இத்தகைய கம்பியை நம்பி, ஒவ்வொரு கடிதத்தையும் திறக்கும்போதெல்லாம் தூரத்திலுள்ள சர்வரிடம் கேட்டு வாங்குவதென்பது நடவாத காரியம். பெரிய காரியாலயங்களிலோ, நூற்றுக்கணக்கான ஊழியர்கள் ஒரே சமயத்தில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிச் சர்வர் களைத்துப்போயிற்று. ஆகவே சர்வரிலுள்ள தபால் பெட்டியின் பிரதியொன்றை அவரவர் கணிப்பொறியிலேயே வைத்துக்கொண்டு, படிப்பதையும் தேடுவதையும் அந்தப் பிரதியில் நடத்திவிட்டு, மாற்றங்களை மட்டும் சர்வரோடு அவ்வப்போது ஒத்துப் பார்க்கும் முறையை அவுட்லுக் 2003 பரவலாக்கியது. அதற்குக் கேஷ்டு எக்ஸ்சேஞ்ச் மோட் என்று பெயர். அந்தப் பிரதியைத் தாங்கும் கோப்பு 'ஓ.எஸ்.டி.' என்ற பெயரிறுதியைக் கொண்டது. கம்பிகள் வேகமடைந்த பின்னரும் இந்த ஏற்பாடு நீடிப்பதற்குக் காரணம் உண்டு: ரயிலிலும், மின்சாரமோ இணையமோ தடைப்பட்ட வேளையிலும், பழைய கடிதத்தைத் தேடி எடுக்க முடிகிற சௌகரியம் இதனால்தான் கிடைக்கிறது.

ஓ.எஸ்.டி.யைப் போலவே தோற்றம் கொண்ட இன்னொரு கோப்பும் உண்டு. அதன் பெயரிறுதி 'பி.எஸ்.டி.'. பார்வைக்கு இரண்டும் சகோதரர்கள். ஒரே கோப்பு வடிவத்தைச் சேர்ந்தவையே. ஆனால் சட்ட மொழியில் சொல்வதானால் ஒன்று நகல், மற்றொன்று மூலப் பத்திரம். ஓ.எஸ்.டி. அழிந்தால், சர்வரில் மூலம் பத்திரமாக இருக்கும் வரையில், அவுட்லுக் அதை மீண்டும் இறக்கிக்கொள்ளும். பி.எஸ்.டி. அழிந்தால் அநேகமாக எல்லாமே போயிற்று. ஏனெனில் 'பாப்' என்னும் பழைய முறையில் தபால் வாங்குகிறவர்களுக்குக் கடிதங்கள் பி.எஸ்.டி.யில்தான் வந்து தங்குகின்றன. குறிப்பிட்ட தினங்கள் கழிந்ததும் சர்வரிலுள்ளதை நீக்கிவிடும்படி அமைப்பு இருந்துவிட்டால், வீட்டுக் கணிப்பொறியில் உள்ளதே உலகத்தில் உள்ள ஒரே பிரதியாகிவிடுகிறது. பழைய கடிதங்களை 'ஆர்க்கைவ்' செய்து ஒதுக்கிவைத்தவர்களுடைய களஞ்சியமும் பி.எஸ்.டி.யே. சொந்தப் பெயரில் வெப்சைட் வைத்து, அதோடு இலவசமாகக் கிடைத்த மின்னஞ்சலைக் கொண்டு தொழில் நடத்தும் சிறு வியாபாரிகள் இந்த வகையிலேயே மிகுதியாக இருக்கிறார்கள் என்பது என் அநுபவம். அவர்களுக்கு இட நெருக்கடி வரும்போது எவரேனும் "அவுட்லுக் ஃபைலை டிலீட் பண்ணுங்க சார், தானா திரும்ப வந்துடும்" என்று சொன்னால், அந்த யோசனை ஓ.எஸ்.டி.க்கு மட்டுமே பொருந்தும் என்பதை அவர்கள் உறுதியாக நினைவில் வைக்கவேண்டும்.

ஓ.எஸ்.டி.யிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஜிமெயில் முதலியவற்றை 'ஐமேப்' முறையில் அவுட்லுக்கோடு இணைத்தவர்களுக்கு, 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதற்கொண்டு, கடிதங்கள் ஓ.எஸ்.டி.யில்தான் இறங்குகின்றன, ஆயினும் அந்தக் கணக்கின் கீழ் அவுட்லுக்கில் எழுதிவைத்த முகவரிகளும் நாட்குறிப்பும் சர்வருக்குப் போவதில்லை. 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்ற குறிப்போடு அவை அந்தக் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. நகல் என்று நம்பி அதை அழித்தால் கடிதங்கள் திரும்பும், முகவரிகள் திரும்பா.

இனி, மென்பொருளைப் புதுப்பிக்கும்போது இந்தப் பிரதிகளுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவுட்லுக்கின் கோப்பு மூன்று பெரும் மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. மூன்றிலும் பழைய கோப்பின் கதி வெவ்வேறு விதமாக முடிந்தது.

முதல் மாற்றம் 2003இல் நிகழ்ந்தது. அதற்கு முந்திய பதிப்புகள், அவுட்லுக் 97 முதல் 2002 வரை, 'ஆன்சி' என்னும் எழுத்துக் குறியீட்டைக் கொண்ட கோப்புகளைக் கையாண்டன. அவற்றின் பரிமாணம் 2 ஜி.பி.யைத் தாண்ட இயலாது. எல்லையைத் தொட்ட கோப்பு திறக்க மறுத்து முரண்டுபிடிக்கும்போது அதன் வாலைக் கத்தரித்து மீட்பதற்கென்று மைக்ரோசாஃப்டே ஒரு கருவியை வெளியிட வேண்டியிருந்தது. கத்தரித்த பகுதியிலிருந்த கடிதங்கள் போனவை போனவையே. அந்த ஆன்சி முறைக்கு நம் மொழிகளின் கோணத்திலிருந்து பார்த்தால் இன்னொரு பெருங்குறையும் இருந்தது. தமிழுக்கோ தெலுங்குக்கோ விண்டோஸில் ஆன்சி குறியீட்டுப் பக்கமே கிடையாதாகையால், கடிதத்தின் தலைப்பிலும் அனுப்பியவர் பெயரிலும் உள்ள தமிழ் எழுத்துகள் வரிசையான கேள்விக்குறிகளாக மாறிவிடும். அவுட்லுக் 2003 யூனிகோடு முறையிலான கோப்பைக் கொண்டுவந்து, 20 ஜி.பி. என்ற புதிய வரம்பையும் வகுத்தது. ஹைதராபாத்தில் ஒரே காரியாலயத்தில் தெலுங்கிலும், உருதுவிலும், ஹிந்தியிலும், தமிழிலும் வரும் கடிதங்கள் தத்தம் எழுத்துகளோடே ஒரே கோப்பில் தங்குவது அதற்குப் பின்னர்தான் சாத்தியமாயிற்று. அந்தக் கோப்பில் ஒவ்வோர் எழுத்துக் குறியும் இரண்டு பைட் இடத்தைக் கொள்ளும். எனவே ஒரு பைட்டில் அடங்கியிருந்த ஆங்கில வாசகங்கள் இருமடங்கு இடம் கேட்டன. இவ்வளவு நன்மையிருந்தும், புதிய பதிப்பை நிறுவியதோடு நின்றவர்களுக்கு அதன் பலன் முழுமையாகக் கிட்டவில்லை. மென்பொருள் புதிதாகியும், அது பழைய ஆன்சி கோப்பையே தொடர்ந்து உபயோகித்துக்கொண்டிருந்தது. கணக்கைப் புதிதாக அமைத்துக் கோப்பையும் புதிதாக உண்டாக்கிய பிறகே 2 ஜி.பி. என்னும் சுவர் விலகியது.

இரண்டாம் மாற்றம் 2013இல் வந்தது. இம்முறை நிலைமை தலைகீழ். அவுட்லுக் 2010இல் 50 ஜி.பி. என்று வரம்பு உயர்ந்துவிட்டபடியால் கோப்புகள் தாராளமாக வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுருக்கும் நோக்கத்துடன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, முந்தியவற்றைக் காட்டிலும் 40 சதவீதம் வரையில் சிறியதாகக்கூடிய, அமுக்கப்பட்ட ஓ.எஸ்.டி. கோப்பை அறிமுகப்படுத்தியது. மாறும் சமயத்தில், நிர்வாகி வேறு விதமாகக் கட்டளையிட்டாலொழிய, அது புதிய கோப்பொன்றைத் தானே உண்டாக்கிச் சர்வரிலிருந்து கடிதங்களை மறுபடியும் இறக்கிக்கொண்டது. சிக்கனத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடே பல கணிப்பொறிகளில் எதிர்மாறான பலனைத் தந்தது. சுருங்கிய புதுப் பிரதி ஒருபுறம் இருக்க, யாரும் தொடாத பழைய பிரதியும் அதே ஃபோல்டரில் அநாதையாகக் கிடந்தது. இடம் மிச்சமாகும் என்று கேள்விப்பட்டு மாறியவர் இரண்டின் கூட்டுத்தொகையையும் சுமக்க நேர்ந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகப் பெட்டி மாற்றாமல் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் பழையதன் மேலேயே நிறுவி வந்த கணிப்பொறிகளில் இத்தகைய அநாதைக் கோப்புகள் கிடைப்பது அதிசயமே அன்று.

மூன்றாவது மாற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. 'நியூ அவுட்லுக்' என்று வழங்கும் புதிய மென்பொருள் ஓ.எஸ்.டி. கோப்பையே உபயோகிப்பதில்லை, தனக்கு வேண்டியதை வேறு விதமாக, வேறு ஃபோல்டரில் சேமித்துக்கொள்கிறது. திரையின் மூலையிலுள்ள சிறு பொத்தானைத் தள்ளி அதற்கு மாறியவர், அதுவரை உபயோகித்த கிளாசிக் அவுட்லுக்கின் ஓ.எஸ்.டி. அங்கேயே நிற்பதை அறியமாட்டார். கிளாசிக் அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டென்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பதால், இரண்டையும் மாறிமாறி உபயோகிக்கும் காலம் இன்னும் சில ஆண்டுகள் நீடிக்கும். அதுவரை ஒரே தபால் பெட்டிக்கு ஒரே கணிப்பொறியில் இரண்டு பிரதிகள் இருப்பதும் நீடிக்கும்.

இந்தப் பிரதிகள் ஏன் இவ்வளவு பெருத்துவிடுகின்றன என்று கேட்டால், முதல் காரணம் கடிதத்தின் வாசகமன்று, அதோடு வரும் இணைப்புகளே. ஒரு ஸ்கேன் செய்த ஒப்பந்தம் 8 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், அதை ஆறு முறை அனுப்பித் திருத்தித் திருப்பி அனுப்பும்போது, வந்ததும் போனதுமாக ஏறக்குறைய 50 எம்.பி. சேர்ந்துவிடுகிறது. இரண்டாவது காரணத்தைப் பலர் சந்தேகிப்பதே இல்லை: அலுவலகத்தின் பொதுப்பெட்டி, மேலதிகாரியின் பெட்டி என்று பிறருடைய பெட்டிகளைப் பார்க்க அநுமதி பெற்றவர்களின் கணிப்பொறியில், 'டவுன்லோட் ஷேர்டு ஃபோல்டர்ஸ்' என்னும் அமைப்பு இயல்பாகவே செயலில் இருப்பதால், அவையும் அதே ஓ.எஸ்.டி.யில் வந்து குடியேறுகின்றன. தம் சொந்தப் பெட்டி 4 ஜி.பி.தானே என்று நம்பியிருக்கும் குமாஸ்தாவின் கோப்பு 25 ஜி.பி. ஆவதன் ரகசியம் இதுதான்.

எவ்வளவு பெரிதானால் தொல்லை தொடங்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் நிபுணர்கள் சுழல்தட்டுகளின் காலத்தில் ஓர் அளவுகோலைத் தந்தார்கள். 5 ஜி.பி. வரையில் பெரும்பாலான கணிப்பொறிகள் சிரமமின்றி நடத்தும், 10 ஜி.பி. வரையில் தட்டின் வேகத்தையும் நினைவகத்தையும் பொறுத்தது. 10ஐத் தாண்டினால் சிறு தடங்கல்கள் தோன்றும். 25ஐத் தாண்டினால் அந்தத் தடங்கல்கள் அடிக்கடி நேரும். இன்றைய எஸ்.எஸ்.டி.களில் இந்த எல்லைகள் தளர்ந்துவிட்டன என்பது மெய்யே. ஆயினும் 50 ஜி.பி. என்னும் இயல்பான மேல்வரம்பு, அதாவது 51,200 எம்.பி., நிற்கிறது, அதில் 95 சதவீதமாகிய 48,640 எம்.பி.யை அடைந்ததும் கோப்பு புதியவற்றை ஏற்பதில் தகராறு தொடங்குகிறது. சர்வரிலோ, மைக்ரோசாஃப்ட் 365இன் உயர்தரத் திட்டங்களில் ஒருவருக்கு 100 ஜி.பி. தபால் பெட்டி கொடுக்கிறார்கள். பெட்டி முழுவதையும் கணிப்பொறிக்கு இறக்க முனைந்தால் எங்கே முட்டும் என்பதை இந்த இரு எண்களே சொல்லும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடாகிய ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி வரம்பை உயர்த்தலாம் என்று சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. என் அபிப்பிராயத்தில் அது நோயை வளர்க்கும் மருந்து.

சரியான பரிகாரம், எவ்வளவு காலத்துக் கடிதங்கள் கையருகே இருக்கவேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பதுதான். அவுட்லுக் 2013 முதற்கொண்டு கணக்கின் அமைப்பில் 'ஸ்லைடர்' என்னும் நழுவுகோல் ஒன்று இருக்கிறது. அதை நகர்த்தி, கடந்த ஓராண்டுக் கடிதங்கள், ஆறு மாதத்தவை, மூன்று மாதத்தவை, அல்லது அனைத்தும் என்று தேர்ந்துகொள்ளலாம். பிற்காலப் பதிப்புகளில் மூன்று நாள் வரையில் குறைக்கவும், ஐந்தாண்டு வரையில் நீட்டவும் இடமுண்டு. அவுட்லுக் 2016, டிஸ்க்கின் கொள்ளளவைப் பார்த்துத் தானே ஒரு முடிவெடுக்கிறது: 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைவானால் ஒரு மாதம், 64 வரையில் மூன்று மாதம், அதற்கு மேலானால் ஓராண்டு. இந்த முடிவு உங்கள் தொழிலை அறிந்து எடுத்த முடிவன்று என்பதால் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நலம். கோலைக் குறைப்பதனால் ஒரு கடிதமும் அழிவதில்லை. பழையவை சர்வரில் இருக்கும், பட்டியலின் அடியில் தோன்றும் இணைப்பைச் சொடுக்கினால் வந்து நிற்கும். இணையம் இல்லாத வேளையில் மட்டுமே அவை எட்டா. நாட்குறிப்பும் முகவரிகளும் இந்தக் கோலுக்குக் கட்டுப்படாமல் முழுமையாகவே இறங்கும்.

கோலைக் குறைத்துவிட்டு அன்று மாலையே கோப்பின் அளவைப் பார்ப்பவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். அரிசி குறைந்ததனால் குதிர் சிறுத்துவிடுவதில்லை. அதுபோலவே கடிதங்கள் நீங்கிய இடம் கோப்புக்குள் வெற்றிடமாக நிற்கிறதேயன்றி டிஸ்க்குக்குத் திரும்புவதில்லை. கணிப்பொறி ஓய்ந்திருக்கும்போது அவுட்லுக் அதை மெல்லச் சரிசெய்துகொள்ளும். காத்திருக்க விரும்பாதவர், கணக்கு அமைப்பில் கோப்பின் விவரங்களைத் திறந்து 'காம்பாக்ட் நௌ' என்னும் பொத்தானை அழுத்தி அந்த வேலையை உடனே தொடங்கலாம். பெரிய கோப்பென்றால் மணிக்கணக்கில் ஆகும். இடையில் மின்சாரம் போனால் கோப்பு பழுதாகலாம். ஆகையால் லேப்டாப்பைச் சார்ஜரில் இணைத்துவிட்டு, வேலை முடிந்த இரவு நேரத்தில் இதைச் செய்வது விவேகம். பிறர் பெட்டிகள் இறங்குவதை நிறுத்தவேண்டுமானால், முன் சொன்ன ஷேர்டு ஃபோல்டர் அமைப்பை நீக்கிவிட்டால் போதும். பெட்டிகள் மறைந்துவிடாமல் சர்வரிலிருந்து நேராகத் திறக்கும், சற்றே தாமதமாக.

அநாதைக் கோப்பை அடையாளம் காண்பதற்கும் எளிய வழி இருக்கிறது. அவுட்லுக்கின் கணக்கு அமைப்பில் 'டேட்டா ஃபைல்ஸ்' என்னும் பகுதியைத் திறந்தால், தற்போது எந்தெந்தக் கோப்புகள் உபயோகத்தில் இருக்கின்றன என்பதும் அவற்றின் முழு விலாசமும் தெரியும். அதைத் தாளில் குறித்துக்கொண்டு, முன் சொன்ன மறைவான ஃபோல்டரோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாமல் ஃபோல்டரில் மட்டும் இருக்கிற, ஓ.எஸ்.டி. என்று முடிகிற, கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி புதுப்பித்த நாளுக்கு முந்தியதாக உள்ள கோப்பே நாம் தேடுவது. அதைக் கண்டவுடன் அழிக்கவேண்டாம். அவுட்லுக்கை மூடிவிட்டுக் கோப்பின் பெயரை மாற்றி ஒரு வாரம் விட்டுவையுங்கள். அந்த ஒரு வாரத்தில் எந்தக் கடிதமும் காணாமற்போகவில்லையென்றும், வெப் மூலமாகப் பார்க்கும்போது சர்வரில் பழைய கடிதங்கள் எல்லாம் இருக்கின்றனவென்றும் உறுதியான பிறகு நீக்கலாம். பி.எஸ்.டி. என்று முடியும் எதையும், பட்டியலில் இல்லாவிட்டாலும்கூட, திறந்து பார்க்காமல் நீக்கலாகாது.

பிரதியைச் சுருக்குவது வேறு, மூலத்தை அழிப்பது வேறு என்பதைத் தணிக்கையாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கு ஆதாரமான வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகளுக்குக் குறையாமல் காக்கவேண்டும் என்கிறது, ஜி.எஸ்.டி. சட்டமோ வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. இந்நாளில் விலைப்பட்டியலும் வவுச்சரும் மின்னஞ்சலில்தான் வருகின்றன. அவற்றைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் பலரிடம் இல்லை. எனவே அந்தத் தபால் பெட்டியே கணக்குப் பெட்டியாகவும் இருக்கிறது. கணிப்பொறியில் மூன்று மாதத்துக் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு, சர்வரில் எட்டாண்டுக்கும் உரியவற்றை விட்டுவைப்பவர் சட்டத்துக்கும் டிஸ்க்குக்கும் ஒருங்கே நியாயம் செய்தவராவார். சர்வரிலேயே 'ஆன்லைன் ஆர்க்கைவ்' என்னும் தனிப்பெட்டி கிடைக்கிறவர்கள் பழையவற்றை அங்கே மாற்றலாம். அந்தப் பெட்டி ஓ.எஸ்.டி.யில் இறங்குவதே இல்லை. இத்தகைய சர்வர்களைத் தாங்கும் மைக்ரோசாஃப்டின் தரவு மையங்கள் 2015இலிருந்து புணேயிலும், மும்பையிலும், சென்னையிலும் இயங்குகின்றன. 2022 மார்ச்சில் நான்காவது மையத்தை ஹைதராபாத்தில் அமைப்பதாக அறிவித்தார்கள். பத்மாராவ் நகரில் ஒருவர் எழுதிய கடிதத்தின் மூலம் சென்னையில் தங்கியிருக்கவும் கூடும். அவர் கையிலுள்ள லேப்டாப்பில் இருப்பது அதன் ஒரு நகலே.

தண்டர்பேர்டு என்னும் இலவச மென்பொருளை உபயோகிப்பவர்களுக்கும் இதே தொல்லை வேறு உருவில் வருகிறது. அதில் ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரே நீண்ட உரைக்கோப்பாக இருப்பதால், அழித்த கடிதம் அழிந்ததென்ற குறியை மட்டும் பெற்றுக்கொண்டு, 'காம்பாக்ட்' செய்யும்வரை அங்கேயே கிடக்கும். இணைப்புகளும் தபாலில் வந்த குறியீட்டு வடிவிலேயே தங்குவதால், அவற்றின் அசல் அளவைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் கொள்கின்றன.

சிறு காரியாலயமேயானாலும், பத்துப் பேர் இருக்குமிடத்தில் புதுப்பிப்பதைத் திட்டமில்லாமல் ஒரே காலையில் செய்வது தவறு. ஒவ்வொருவருக்கும் 20 ஜி.பி. பிரதி புதிதாக இறங்குமானால் மொத்தம் 200 ஜி.பி.; வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு வேறெந்த வேலையும் செய்யாமல் முழுவேகத்தில் ஓடினாலும் அதற்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம் பிடிக்கும். அந்த நாளே ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியாகவும் இருந்துவிட்டால் காரியாலயத்தின் நிலை பரிதாபம். முதலில் நழுவுகோலைக் குறைத்துவிட்டு, பிறகு மென்பொருளை மாற்றி, நாளைக்கு இரண்டு மூன்று பேராகப் பிரித்துச் செய்தால் அந்த 200 ஜி.பி.யே பத்தில் ஒரு பங்காகவும் குறையக்கூடும். பெரிய கம்பெனிகளின் நிர்வாகிகள் இந்தக் கோலைக் கொள்கைக் கட்டளையாக எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரேயடியாக விதித்துவிடுகிறார்கள். சிறியவர்கள் ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் செய்யவேண்டும், அவ்வளவே வித்தியாசம்.

விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத பழைய கணிப்பொறிகளைப் பலர் இப்போது விற்கிறார்கள், அல்லது புதியதற்கு மாற்றாகக் கடையில் கொடுக்கிறார்கள். அந்தப் பெட்டிகளின் மறைவான ஃபோல்டர்களில் ஓ.எஸ்.டி. கோப்புகள் கிடக்கின்றன. கணக்கும் கடவுச்சொல்லும் இல்லாமலே அத்தகைய கோப்பைத் திறந்து கடிதங்களை வெளியே எடுக்கும் மென்பொருள்கள் பகிரங்கமாக விற்பனையாகின்றன. ஒரு தணிக்கையாளருடைய ஓ.எஸ்.டி.யில் அவருடைய கட்சிக்காரர்கள் அத்தனை பேருடைய வருமான விவரமும், பான் எண்ணும், வங்கிக் கணக்கும் இருக்கும். கோப்பை ரீசைக்கிள் பின்னில் போட்டுக் காலிசெய்வதனால் அது டிஸ்க்கிலிருந்து மறைந்துவிடாது. ஆகவே விற்பதற்கு முன், முதலில் பி.எஸ்.டி. கோப்புகளைப் புதிய கணிப்பொறிக்கும் தனியான ஒரு வெளி டிஸ்க்குக்கும் பிரதியெடுத்து, அவை அங்கே திறக்கின்றனவா என்று சோதித்த பிறகு, பழைய பெட்டியில் விண்டோஸின் 'ரீசெட்' வசதிக்குள் சென்று 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதையும், அதன் கூடுதல் அமைப்புகளில் டிஸ்க்கைத் துப்புரவாக்கும் 'கிளீன் டேட்டா' என்பதையும் தேர்ந்துகொள்ளுங்கள். சில மணி நேரம் ஆகும். அது முடிந்த பிறகே பெட்டியைக் கடைக்காரரிடம் கொடுங்கள்.